என் கடையில் திறந்த கணக்குகள்

சிவகங்கையில் எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார். என் தாத்தாவுடைய தங்கையின் பேரன். 1964-இல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அந்தக் குடும்பம் கப்பலேறியது. நாங்கள் ரங்கூனிலேயே தங்கிவிட்டோம். அவரை நேரில் பார்த்தது இரண்டே முறைதான். ஆனாலும் மாதம் ஒருமுறை பேசாமல் இருக்க மாட்டோம், பேசினால் சண்டை போடாமலும் இருக்க மாட்டோம். 2025 ஜனவரியில், அமெரிக்காவில் வெளியாட்களை வைத்துச் செய்திகளைச் சரிபார்க்கும் வேலையை நிறுத்தப்போவதாக ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அறிவித்ததிலிருந்து எங்களுக்குள் அந்தச் சண்டை ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஜனங்களுக்கு மூளை இல்லையா மச்சான்? எது பொய், எது நிஜம்னு அவங்களே பாத்துக்குவாங்க. நாம எதைப் படிக்கணும்னு கம்பெனிக்காரன் எதுக்குச் சொல்லணும்?" என்கிறார்.

போனில் இதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. கடையில் ஆள் நிற்கும், அல்லது கரண்ட் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அனோரதா சாலையில் உள்ள காளியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சந்துக்குள் என் கடை இருக்கிறது. போன் உறை, சார்ஜர், சிம் கார்டு, ரீசார்ஜ். ராணுவ ஆட்சிக் காலத்தில் இங்கே ஒரு சிம் கார்டு பல லட்சம் சாட் (பர்மியப் பணம்) விற்றது. வீட்டுக்கு ஒன்று இருந்தாலே பெரிய வீடு. 2014 ஆகஸ்டில் ஊரீடூ என்ற வெளிநாட்டு போன் நிறுவனம் வந்தது, அடுத்த மாதமே டெலிநார் என்ற இன்னொன்று வந்தது. சிம் விலை 1,500 சாட். நாலு பேர் உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டால் ஆகிற காசு. அடுத்த இரண்டு வருடத்தில் எங்கள் தெருவில் மீன் விற்கிற அம்மாவிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் வரை எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது.

யாரும் "இன்டர்நெட் போட்டுக்கொடு" என்று கேட்கவில்லை. "ஃபேஸ்புக் போட்டுக்கொடு" என்றுதான் கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் இங்கே. 2018 மார்ச்சில் குடியரசுத் தலைவர் தின் ஜா பதவி விலகிய அறிவிப்புக்கூட அவருடைய அலுவலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில்தான் வந்தது. மின்னஞ்சல் முகவரி என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்கு நானே ஒரு முகவரி உண்டாக்கி, கணக்குத் திறந்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மறந்துவிட்டு வருவார்கள் என்று தெரியும், வந்தார்கள். கணக்குக்கு ஆயிரம் சாட் வாங்கினேன். அந்த நோட்டில் அறுநூற்றுச் சொச்சம் வரிகள் இருக்கின்றன. திறந்ததும் திரை வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஐந்தாறு பக்கங்களை நானே சேர்த்துக் கொடுப்பேன்: சினிமா நடிகை, அழகுக் குறிப்பு, சமையல், பிக்குவின் சொற்பொழிவு, ஒரு செய்திப் பக்கம். 2018 அக்டோபரில் 13 பக்கங்களையும் 10 கணக்குகளையும் ஃபேஸ்புக் நீக்கியது. பொழுதுபோக்கு, அழகு என்ற பெயரில் நடந்துவந்த அவை ராணுவத்தோடு தொடர்புள்ளவை என்று தெரிந்தது. சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம் பேர் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எந்தப் போனில் எந்தப் பக்கத்தைச் சேர்த்தேன் என்று எழுதி வைக்கவில்லை.

மச்சான், மூளை பற்றிக் கேட்டீர்களே, 2017 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன்.

அது மோசமான மாதம். ஆகஸ்ட் 25-ஆம் தேதி மேற்கே ரக்கைன் மாநிலத்தில் ரோஹிங்யா ஆயுதக் குழு ஒன்று காவல் நிலைகளைத் தாக்கியது. அதற்குப் பதிலாக ராணுவம் ஊர் ஊராக இறங்கி, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடிய காலம். ரங்கூனில் குண்டுச் சத்தம் இல்லை. போன்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, எதிர்த் தேநீர்க்கடை ஊலே (பர்மிய மொழியில் மாமா; அவர் பௌத்தர்) எனக்கு மெசஞ்சரில் ஒன்று அனுப்பினார். செப்டம்பர் 11-ஆம் தேதி முஸ்லிம்கள் தாக்கப்போகிறார்கள், கவனமாக இரு, தெரிந்தவர்களுக்கு எல்லாம் அனுப்பு. ஊலே நல்ல மனிதர். என் மகனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் டாக்சி பிடித்து வந்தவர் அவர்தான்.

மதியம் சூலியா பள்ளிவாசல் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் பாய் கடைக்கு வந்தார். தமிழ் முஸ்லிம், பூர்வீகம் ராமநாதபுரம். "தம்பி, இதைப் பாருங்க" என்று போனை நீட்டினார். செப்டம்பர் 11-ஆம் தேதி நம் ஆட்களுக்கு எதிராகப் பெரிய போராட்டம் கிளப்பப் போகிறார்கள், வெளியே போகாதீர்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள்.

நான் இந்து. அதனால் இரண்டு பக்கமும் என்னை நம்பினார்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே மேசையில் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரே தேதி. ஒரே மாதிரியான வாக்கிய அமைப்பு. இரண்டிலும் கடைசியில் அதே 'எல்லாருக்கும் அனுப்பு'. ஊலேவுக்கு வந்ததில் பாயின் செய்தி இல்லை, பாய்க்கு வந்ததில் ஊலேவின் செய்தி இல்லை. இருவரும் முட்டாள்கள் இல்லை மச்சான். ஊலே ஒரு செய்தியைப் படித்தார், பாய் ஒரு செய்தியைப் படித்தார். தன் குடும்பத்துக்கு ஆபத்து என்று ஒருவன் சொன்னால் மூளை உள்ளவன் எவனும் சரிபார்த்துக்கொண்டு உட்கார மாட்டான், கதவைத்தான் சாத்துவான்.

செப்டம்பர் 11 திங்கட்கிழமை. பாய் கடையைத் திறக்கவில்லை. தேநீர்க்கடை பாதிக் கதவோடு நடந்தது. ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நான் இருவரையும் என் கடைக்கு அழைத்து இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஊலே வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் மூன்று கிண்ணம் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதைப் பற்றி நாங்கள் அதற்குமேல் பேசவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் மார்க் சக்கர்பெர்க் ஒரு பேட்டியில் இதே செய்திகளைச் சொல்லி, தங்கள் அமைப்புகள் அதைக் கண்டுபிடித்து நிறுத்தின என்றார். பர்மாவில் இருக்கும் சமூக அமைப்புகள் உடனே அவருக்குத் திறந்த மடல் எழுதின. கண்டுபிடித்துச் சொன்னது நாங்கள், நீங்கள் அசைந்தபோது செய்தி நாடு முழுக்கப் போய்விட்டது என்றார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். உலகத்திலேயே பெரிய தபால்காரருக்கு, தன் பையில் என்ன இருக்கிறது என்று கடிதம் வாங்கியவர்கள் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் தெரியவில்லை? எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது முன்பே தெரியும். பர்மிய எழுத்துக்கு அப்போது இரண்டு முறைகள் இருந்தன. உலகம் முழுக்க யூனிகோடு. எங்கள் போன்களில் ஜாஜி. கண்ணுக்கு ஒரே எழுத்து, உள்ளே வேறு எண்கள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் எழுத்துகள் உடைந்து குழம்பி வரும். புதுப் போன் விற்றால் ஜாஜி ஏற்றிக் கொடுப்பது என் வேலை, அதற்கும் ஆயிரம் சாட். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி அரசாங்கமே நாள் குறித்து யூனிகோடுக்கு மாறச் சொன்னது. அதுவரை கலிபோர்னியாவில் உட்கார்ந்திருக்கும் இயந்திரத்துக்கு நாங்கள் எழுதியது பாதி புரியாது. பர்மாவில் கண்ணில் படும் கலாக்களை எல்லாம் கொல்லுங்கள், ஒருவன்கூட மிஞ்சக் கூடாது என்று ஒருவன் எழுதியதை, 'மியன்மாரில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது' என்று ஃபேஸ்புக்கின் மொழிபெயர்ப்பு காட்டியது. 2018 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் இதை வெளியிட்டார்கள். 2015-இன் தொடக்கத்தில் பர்மிய மொழி தெரிந்து இந்தப் பதிவுகளைப் பார்த்தவர்கள் இரண்டே பேர் என்றும் அதே செய்தியில் இருந்தது. என் நோட்டிலேயே அறுநூறு பேர் இருந்தார்கள்.

'கலா' என்ற சொல்லைப் பற்றி இங்கே நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது என்னைப் பார்த்துச் சொல்லப்படுகிற சொல். தமிழில் அது பெண்ணுக்கு வைக்கும் அழகான பெயர். எங்கள் வீட்டிலேயே ஓர் அத்தைக்கு அந்தப் பெயர். பள்ளியில் சேர்த்த முதல் வாரத்திலேயே பர்மியப் பெயர் வைத்துவிட்டார்கள். பர்மிய மொழியில் அது மேற்கிலிருந்து வந்தவன், இந்தியன், கறுத்தவன். சிலர் வாயில் வெறும் அடையாளம். சிலர் வாயில் எச்சில் துப்புகிற மாதிரி. பக்கத்து வீட்டு ஆயா என்னை "கலாலே" என்று கூப்பிட்டு மாம்பழம் கொடுப்பார். அதே சொல்லை ரயில் நிலையத்தில் ஒருவன் சொன்னபோது நான் என் மகனை என் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஒரே இரண்டு எழுத்துதான்.

2017-இல் ஃபேஸ்புக் இந்தச் சொல்லைத் தேடித் தேடி நீக்கத் தொடங்கியது. பர்மிய மொழியில் கடலைப் பருப்புக்கு 'கலாபே' என்று பெயர். நாற்காலி 'கலாதைங்'. பருப்பு பற்றி எழுதியவர்கள் பதிவும் நாற்காலி பற்றி எழுதியவர்கள் பதிவும் போய்விட்டன. அந்தச் சொல்லையே விட்டுவிட்டு 'நாய்கள்', 'புழுக்கள்' என்று எழுதியவன் பதிவுகள் அப்படியே இருந்தன. தங்களுக்கு இடத்துக்கு ஏற்ற பொருளைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருந்தது, பிறகு சரிசெய்தோம் என்று அந்த ஆண்டு ஜூனில் நிறுவனமே எழுதியது. மச்சான் இந்தக் கதையைக் கேட்டால் "பாத்தீங்களா, அதான் வேண்டாம்ங்கறேன்" என்பார். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. சொல்லைப் பார்க்க இயந்திரம் போதும். அதைச் சொல்கிற வாயைப் பார்க்க இந்தத் தெருவில் வளர்ந்த ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்காமல் இந்தத் தெருவில் தொழில் நடத்தக் கூடாது.

என் பாட்டிக்கு 1938 கலவரம் நினைவிருந்தது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. முஸ்லிம் ஒருவர் எழுதிப் பல வருடம் முன்பு அச்சான ஒரு புத்தகம், பௌத்தத்தை இழிவு செய்வதாகச் சொல்லி, அந்த வருடம் திடீரென்று பேச்சாயிற்று. பத்திரிகைகள் அதை எடுத்து எடுத்துப் போட்டன, காரசாரமான கடிதங்களும் போட்டன. ஜூலை 26-ஆம் தேதி ஷ்வேதகோன் பகோடாவில் கூட்டம். அங்கிருந்து இறங்கிய கூட்டம் இந்தியர் கடைகளுக்குள் புகுந்தது. முஸ்லிம்கள்மேல்தான் கோபம் என்றாலும், அடிக்கிறவன் குறி வைத்தா அடித்தான்? அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு இரவு ஒளிந்திருந்ததாகப் பாட்டி சொல்வார். பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்தது. பத்திரிகைகள் எரியூட்டியதை அந்த அறிக்கை கடுமையாகச் சொன்னது.

நான் அடிக்கடி இதை யோசிப்பேன். 1938-இல் பொய்யை அச்சடித்த தாளுக்கு ஒரு பெயர் இருந்தது, அச்சகம் இருந்தது, ஆசிரியர் இருந்தார். விசாரணைக் குழு போய்க் கதவைத் தட்ட ஒரு முகவரி இருந்தது. 2017-இல் ஊலேவுக்கு வந்த செய்திக்கு முகவரியே இல்லை. அவருக்கு அவர் மைத்துனர் அனுப்பினார், அவருக்கு யாரோ ஒரு நண்பர். அந்த வழி முழுக்க முகவரி உள்ள ஒரே ஆள் அதைச் சுமந்து வந்த நிறுவனம்தான். அது "நான் வெறும் குழாய், தண்ணீருக்கு நான் பொறுப்பில்லை" என்றால் பிறகு எந்தக் கதவை நாங்கள் தட்டுவது?

"அப்படின்னா கவர்ன்மெண்ட் பாத்துக்கட்டுமே" என்றும் மச்சான் ஒருமுறை சொன்னார். அதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

2014 ஜூலையில் மண்டலேயில் ஒரு தேநீர்க்கடைக்காரர் வேலைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டார் என்று ஃபேஸ்புக்கில் பரவியது. கடைக்காரர் முஸ்லிம், பெண் பௌத்தர். ஒரு பௌத்தரும் ஒரு முஸ்லிமும் செத்தார்கள். பிறகு அந்தக் குற்றச்சாட்டே பொய் என்று தெரிந்தது. அப்போது அரசாங்கம் அங்கே ஃபேஸ்புக்கை முடக்கியது, கலவரம் அடங்கியது. நானும் "நல்லது" என்றேன். அணைக்கிற விசை அவர்கள் கையில் இருப்பது அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மூன்றே நாளில், நான்காம் தேதி, அதே விசையை அழுத்தினார்கள். காரணமும் அதேதான்: பொய்ச் செய்தி, நாட்டின் அமைதி. இப்போது சாலையில் சோதனைச் சாவடிகளில் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். வெளியூர் போகிறவர்கள் முந்தின இரவு என் கடைக்கு வருகிறார்கள். 2014-இல் ஃபேஸ்புக் ஏற்றிக் கொடுத்த அதே மேசையில் உட்கார்ந்து, அதே ஆட்களின் போனிலிருந்து அதை நான் அழித்துக் கொடுக்கிறேன். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

2018 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, ஐ.நா. உண்மையறியும் குழு அறிக்கை வந்த அன்று, ராணுவத் தலைமைத் தளபதி உட்பட 20 பேர் மற்றும் அமைப்புகளை ஃபேஸ்புக் தடை செய்தது. சரியான காரியம். ஆனால் அந்த ஏழு லட்சம் பேர் ஆற்றைக் கடந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

நீக்குவது மட்டும்தான் வழி என்று நான் சொல்ல வரவில்லை. மச்சானின் சொந்த நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடப் போன ஒரு முதிய பெண்மணி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிய ஊர்க்காரர்கள் அவரை அடித்துக் கொன்றார்கள். அவர்களும் தமிழர்கள், அவரும் தமிழர். அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. யாருடைய வாயையும் மூடவில்லை. கையைக் கொஞ்சம் மெதுவாக்கினார்கள். ஊலே அன்றைக்கு ஐந்து பேருக்கு மட்டும் அனுப்ப முடிந்திருந்தால், அதில் ஒருவனாக நான் இருந்திருப்பேன், மதியம் பாய் வந்திருப்பார், ஆறாவது ஆளுக்குப் போகுமுன் மாலையாகியிருக்கும். அந்த அரை நாளைத்தான் நான் கேட்கிறேன். ஒரு பதிவை நீக்கினால் ஏன் என்று பர்மிய மொழியில் சொல்ல ஓர் ஆள், தப்பாக நீக்கினால் திருப்பிக் கேட்க ஓர் இடம், இவற்றையும் கேட்கிறேன்.

2025 ஏப்ரலில் மறுபடி பார்த்தேன். அந்த மார்ச் 28-ஆம் தேதி மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலம் நடுங்கி ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அடுத்த வாரங்களில் ஒரு ஜோதிடர் ஏப்ரல் 21-ஆம் தேதி இன்னொன்று வரும் என்று டிக்டாக்கில் போட, அது லட்சக்கணக்கானவர்களிடம் போய்விட்டது. அன்றைக்கு எங்கள் சந்தில் பாய் விரித்து வெளியே படுத்தார்கள். என் மனைவியும் தண்ணீர் பிடித்து வைத்தாள். 21 வந்தது, போனது. மறுநாள் அவரைக் கைது செய்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்த எங்கள் தெரு ஆட்களில் ஒருவருக்குக்கூட, நிலநடுக்கத்தின் தேதியை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்ற ஒரு வரி அதன் அடியில் காட்டப்படவில்லை. ஒருவர் சிறைக்குப் போனார், பயம் எங்கள் தெருவிலேயே இருந்தது.

கலா அத்தை, முன்பே சொன்னேனே, அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. சாயங்காலம் வீட்டு வாசலில் கடலைப் பருப்பு வடை போடுகிறார். தினமும் மூன்றரை மணிக்குப் பேத்தியை விட்டு ஃபேஸ்புக்கில் ஒரு வரி போடச் சொல்வார். முடக்கத்தைத் தாண்டிப் போக உதவும் விபிஎன் செயலி நான் போட்டுக் கொடுத்தது. 2017-இல் பருப்புப் பதிவுகள் காணாமல் போன கதையைக் கேட்டதிலிருந்து அவர் கலாபே என்று எழுத விடுவதில்லை. அதைச் சரிசெய்துவிட்டார்கள், எழுதலாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "வேணாண்டா. அந்த வார்த்தையைக் காதால கேட்டது போதும்" என்றார்.

இன்றைக்கும் போட்டிருந்தார்கள், பர்மிய மொழியில்: 'அந்தப் பருப்பு வடை சூடாக இருக்கிறது, வாருங்கள்.' எந்தப் பருப்பு என்று எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை. ஐந்து மணிக்கு நான் போனபோது ஊலேவும் பாயும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். சட்டியில் நாலு வடைதான் மிச்சம் இருந்தது.